லெட்டர் வந்தது, போகவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் புற்றுநோய் ஸ்க்ரீனிங் பற்றிச் சின்னக் குறிப்பொன்று எழுதி, அழைப்பு வந்தும் ஏன் போகாமல் இருக்கிறீர்கள் என்று லண்டன் வாசகர்களைக் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லை, இடம் மட்டும் இருந்தது. அது போதும். வடமேற்கு லண்டனில் ஒரு சேர்ஜரியில் (குடும்ப டொக்டரின் கிளினிக்கில்) நேர்ஸாக வேலை செய்து இளைப்பாறியவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இங்கே எழுதுவது இங்கிலாந்து நடைமுறை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சில விதிகள் வேறு.

கேள்வி: எனக்கு 46 வயது. ஸ்மியர் டெஸ்ட்டுக்கு வா வா என்று லெட்டர் வந்துகொண்டே இருக்குது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கலியாணம் கட்டின மனுசனைத் தவிர வேறை ஒருத்தரையும் தெரியாது. பிறகு ஏன் நான் போய் அப்பிடிப் படுக்கவேணும்? (ஹரோ)

தங்கைச்சி, ஸ்மியர் என்பது கருப்பைக் கழுத்தில், அதாவது கருப்பையின் வாய்ப்பகுதியில், மாதிரி எடுத்துப் பார்ப்பது. வருத்தம் இல்லாத ஆட்களுக்குத்தான் இந்தச் சோதனை. இடையில் இரத்தம் படுகிறது, உறவுக்குப் பிறகு இரத்தம் வருகிறது என்றால் ஸ்மியருக்குக் காத்திருக்கக் கூடாது, நேரே டொக்டரிடம் போக வேண்டும். ஸ்மியரில் முதலில் தேடுவது எச்.பி.வி. என்ற வைரஸைத்தான். அது இருந்தால் மட்டுமே, எடுத்த அதே மாதிரியில் கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்த மாற்றம் புற்றுநோயாக வளரப் பல வருடங்கள் எடுக்கும். அதற்குள் கண்டுபிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். நோய் வந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட வராமலே மறிக்கக்கூடிய புற்றுநோய்கள் அதிகம் இல்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அப்படி மறிக்கக்கூடிய ஒன்று.

"அவரைத் தவிர வேறு ஒருவரையும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வசனத்தை என் அறைக்குள் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எச்.பி.வி. மிகச் சாதாரணமான வைரஸ். தாம்பத்திய வாழ்வுக்குள் வந்த பெரும்பாலான மனிதருக்கு ஒரு காலத்தில் தொற்றி, பெரும்பாலும் தானே போய்விடும். ஒரே ஒரு துணை இருந்தாலே போதும். உடம்பில் சத்தமில்லாமல் பத்து, இருபது வருடம் கிடக்கவும் கூடும். ஆகவே எச்.பி.வி. இருக்கிறது என்று முடிவு வந்தாலும் அதை வைத்து உங்களையோ அவரையோ ஒருவரும் சந்தேகப்படத் தேவையில்லை. அந்த லெட்டர் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 25 முதல் 64 வயது வரை எல்லோருக்கும் போகிறது. உண்மையிலேயே ஒருபோதும் உறவு கொள்ளாதவர்களுக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. அவர்கள் நேர்ஸிடம் அதைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று முடிவெடுக்கலாம்.

இனி "அப்பிடிப் படுக்கிறது". நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறேன், ஏனென்றால் லெட்டரில் அது வராது. அகலமான பாவாடையோ சோட்டியோ போட்டுக்கொண்டு போங்கள். உள்ளாடையை மட்டும் திரைக்குப் பின்னால் நின்று கழற்றினால் போதும். படுத்ததும் இடுப்புக்கு மேலே ஒரு பேப்பர் விரிப்புத் தருவார்கள். ஸ்பெகுலம் என்ற பிளாஸ்ரிக் கருவியை உள்ளே வைத்து மெதுவாக விரித்து, மெல்லிய பிரஷ் ஒன்றால் கருப்பைக் கழுத்தைத் தடவி எடுப்பார்கள். படுத்து எழும்ப ஐந்து நிமிடம் ஆகாது. ஒருமுறை சேலையோடு வந்த ஒரு அம்மா கட்டிலின் நுனியில் இருந்தபடி எழும்பவும் மாட்டேன், படுக்கவும் மாட்டேன் என்று நின்றா. ஸ்பெகுலத்தை அவ கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா, தன் சுண்டுவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தா, "இதிலை இதைவிடச் சின்னன் இருக்கே?" என்று கேட்டா. இருந்தது. அதை எடுத்தோம். நீங்களும் கேட்கலாம். சின்ன ஸ்பெகுலம் கேட்கலாம், இடது பக்கம் சரிந்து படுக்கிறேன் என்று சொல்லலாம், நானே வைக்கிறேன் என்றும் சொல்லலாம். பெண் நேர்ஸ் வேண்டும் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். அநேகமாகப் பெண்தான் இருப்பா. "நிறுத்துங்கள்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

கேள்வி: பெயர் வேண்டாம். ஊரில் பிரச்சினை நேரம் எனக்கு நடந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஒருவர் தொடுவதை நினைத்தாலே கை கால் விறைக்கிறது. நான் என்ன செய்ய?

அம்மா, இதை எழுதியதற்கே பெரிய துணிவு வேண்டும். உங்களைக் கட்டாயப்படுத்தும் உரிமை ஒருவருக்கும் இல்லை. இரண்டு வழி சொல்கிறேன். சேர்ஜரியில் இரட்டை அப்பொயின்ட்மென்ட் கேளுங்கள். "எனக்கு முன்பு நடந்த ஒரு விஷயத்தால் இது கஷ்டம்" என்ற ஒரு வசனம் போதும், என்ன நடந்தது என்று விளக்கத் தேவையில்லை. முதல் நாள் பேசிவிட்டு மட்டும் வரலாம்.

இரண்டாவது வழி, நீங்களே வீட்டில் எடுக்கும் மாதிரி. பஞ்சு வைத்த ஒரு சின்னக் குச்சியை உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்து, குழாயில் போட்டுத் தபாலில் அனுப்புவது. ஸ்பெகுலம் இல்லை, கட்டில் இல்லை, வேறு ஆள் இல்லை. நீண்டகாலம் போகாமல் இருப்பவர்களுக்கு 2026 ஜனவரி முதல் இந்தக் கிட்டைக் கொடுக்கத் தொடங்குவதாக அரசு 2025 ஜூனில் அறிவித்தது. உங்களுக்குக் கிடைக்குமா என்று சேர்ஜரியில் கேளுங்கள். அதில் எச்.பி.வி. இருக்கிறது என்று வந்தால் பிறகு நேர்ஸிடம் போகத்தான் வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்றே வரும். நடந்ததைப் பற்றி யாரோடாவது பேச வேண்டும் போலிருந்தால் அந்த உதவியையும் அதே சேர்ஜரியிலேயே கேட்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, இங்கிலிஷ் தெரியாது. லெட்டர் எல்லாம் நான்தான் வாசிக்கிறேன். நான் கூடப் போனால் அவ வெட்கத்தில் வாயே திறக்கமாட்டா. இன்டர்பிரிட்டர் என்றால், "கோயிலில் காணுற ஆளாக இருந்தால் என்ன செய்ய" என்று பயப்படுகிறா. (ஈஸ்ட்ஹாம்)

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஈஸ்ட்ஹாமில் நாலு தெருவுக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆகவே ஆளை நேரில் கேட்காதீர்கள், தொலைபேசி இன்டர்பிரிட்டர் கேளுங்கள். தமிழ், பெண், போனில்: இந்த மூன்றையும் புக் பண்ணும்போதே சொல்லி எழுதுவியுங்கள். அந்தப் பக்கத்தில் கதைப்பவ எங்கோ ஒரு ஊரில் இருப்பா. அம்மாவின் முகம் அவவுக்குத் தெரியாது. இதற்குக் காசு இல்லை.

நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதீர்கள், மகளே. உங்கள் முன்னால் அம்மா "மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் பட்டது" என்று சொல்ல மாட்டா. அந்த ஒரு விஷயம்தான் நேர்ஸுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியதாக இருக்கும். சேர்ஜரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியில் இருங்கள், வந்ததும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. அம்மாவின் பதிவில் "முதன்மை மொழி: தமிழ்" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

கேள்வி: எனக்கு 53. ஒரு லெட்டரும் இதுவரை வந்ததில்லை. நான் கேட்டுப் போகவேணுமா? (சட்டன்)

ஆம், உடனே. அழைப்பு போவது ஜீ.பீ. (குடும்ப டொக்டர்) பதிவில் உள்ள விலாசத்துக்கு. வாடகை அறை மாறி மாறி இருந்த எங்கள் சனத்தில் பலருடைய லெட்டர் பழைய வீட்டுக் கதவடியில் கிடக்கிறது. பெயரும் ஒரு காரணம். தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, கணவன் பெயர் சேர்ந்ததா இல்லையா என்று பாஸ்போட்டில் ஒரு மாதிரியும் சேர்ஜரியில் இன்னொரு மாதிரியும் இருக்கும். ஒரே ஆள் இரண்டு பெயரில் பதிவாகியிருந்ததை நானே கண்டிருக்கிறேன். பிறந்த திகதி, விலாசம், போன் இலக்கம் மூன்றையும் சரிபார்த்து விடுங்கள். இப்போது என்.எச்.எஸ். ஆப் வழியாகவும் அழைப்பு வருகிறது. ஆப் மகனின் போனில் இருந்தால் அழைப்பும் மகனுக்குத்தான் போகும்.

53 வயதில் மூன்றுக்கும் நீங்கள் உரியவர்: ஸ்மியர், மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), குடல் கிட் (வீட்டிலேயே மலம் எடுத்து அனுப்பும் குடல் புற்றுநோய்ச் சோதனை). மமோகிராம் 50 இலிருந்து 71 ஆவது பிறந்தநாள் வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. முதல் அழைப்பு 53 ஆவது பிறந்தநாளுக்குள் வந்திருக்க வேண்டும்.

கேள்வி: அசைலம் கேஸ் இன்னும் முடியவில்லை. இதற்குப் போனால் பில் வருமா?

வராது. ஜீ.பீ.யிடம் பதிய விசாவோ விலாச அத்தாட்சியோ காட்ட வேண்டிய அவசியம் இல்லை. கேஸ் நடந்துகொண்டிருப்பவருக்கு ஆஸ்பத்திரி வைத்தியமும் இலவசம். ரிசப்ஷனில் மறுத்தால் மனேஜரைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 61, ஆண். மலம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு பார்சல் வந்தது. விரதகாரன் நான், சாமியறை உள்ள வீட்டில் இதை வைத்திருக்கவே மனம் வரவில்லை. எறிந்துவிட்டேன். (வெம்பிளி)

அண்ணை, அருவருப்பு இயல்பு. எங்கள் ஆட்களுக்கு மட்டுமல்ல, வெள்ளைக்காரருக்கும் இதே அருவருப்புத்தான். ஆனால் பார்சலைத் திறந்து பார்த்தீர்களா? உள்ளே விரலளவு ஒரு குப்பி, மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி. குச்சியின் நுனியில் நுணுக்கமான வரிகள். அந்த வரிகள் நிறைய ஒட்டினால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. முந்தித்தான் மூன்று தடவை வெளியே போய் அட்டையில் பூச வேண்டும். 2019 இலிருந்து ஒரே ஒரு தடவை.

செய்யும் விதம்: ஐஸ்கிறீம் டப்பா போன்ற எறியக்கூடிய ஒன்றைக் கழிப்பறையில் வையுங்கள், மலம் தண்ணீரில் படக் கூடாது. குச்சியால் கீறி, குப்பிக்குள் விட்டு, "கிளிக்" என்று மூடுங்கள். குப்பியில் திகதி எழுதுங்கள். திகதி எழுதாமல் அனுப்பித்தான் பலருடையது வீணாகிறது. முத்திரை ஒட்டத் தேவையில்லாத கவர் உள்ளேயே இருக்கும். கழிப்பறையை விட்டு வெளியே வரும்போது அது மூடிய கவராகத்தான் வரும், நேரே தபால் பெட்டிக்குக் கொண்டுபோகலாம். சாமியறைப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை. முழுகிவிட்டு விளக்கேற்றுங்கள்.

எறிந்தது போகட்டும், கிட்டில் உள்ள இலவச இலக்கத்துக்கு அழைத்தால் புதிது அனுப்புவார்கள். 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இது வரும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை இது பிடிக்கிறது. குடல் புற்றுநோயும் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒரு நோவும் காட்டாது. உங்கள் மனைவிக்கு வந்த கிட் எங்கே என்றும் ஒருக்கால் பாருங்கள்.

கேள்வி: "சிறுபான்மை இனத்தவர் ஸ்க்ரீனிங்குக்கு வருவதில்லை" என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் சனம் பிள்ளைகளை டொக்டராக்குகிற சனம். அறியாமை என்று எங்களைச் சொல்லலாமா? (டூட்டிங்)

கோபம் எனக்கும் உண்டு, தம்பி. ஆனால் வரவு குறைவு என்பது பொய்யல்ல. இங்கிலாந்து முழுவதிலுமே ஸ்மியர் எடுத்தவர்கள் நூற்றுக்கு 70 ஐத் தொடவில்லை, லண்டன் அதிலும் கீழே. தெற்காசியப் பெண்கள் வெள்ளைக்காரப் பெண்களைவிடக் குறைவாகவே வருகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்குக் காரணம் அறியாமை என்று சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

முதலில், எங்களை எண்ணுகிறார்களா? இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழருக்குக் கட்டம் இல்லை, "வேறு ஆசியர்" என்பதற்குள் போகிறோம். தமிழை முதன்மை மொழியாக எழுதியவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பெண்களில் எத்தனை பேர் ஸ்மியர் எடுத்தார்கள் என்று கேட்டால் எண் சொல்ல ஒருவரும் இல்லை. எண்ணாதவர்களுக்குத் திட்டம் போட முடியாது. அடுத்த முறை படிவம் நிரப்பும்போது அந்த வெற்றுக் கோட்டில் "தமிழ்" என்று எழுதுங்கள்.

அடுத்தது, அழைக்கிற விதம். லண்டனில் 2021 இல், ஸ்மியருக்கு வராமலிருந்த பெண்களுக்கு வீட்டுக் கிட் கொடுத்துப் பார்த்தார்கள். யூஸ்க்ரீன் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். வேறு அலுவலாகச் சேர்ஜரிக்கு வந்தவர்களுக்கு, வந்த இடத்தில் ஒரு சொல் சொல்லிக் கையில் கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் செய்து அனுப்பினார்கள். அதே கிட்டைத் தபாலில் மட்டும் அனுப்பியபோது ஏழு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே செய்து அனுப்பினார்கள். கிட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை, தந்த விதத்தில்தான் வித்தியாசம். அதற்கு முன்பு ஹில்லிங்டனில் முதல் மமோகிராமுக்கு உரிய பெண்களுக்கு இரண்டு நாளுக்கு முன் போனில் ஒரு சின்ன ஞாபகமூட்டல் அனுப்பிப் பார்த்தார்கள். வரவு நூற்றுக்கு 59 இலிருந்து 64 ஆனது. 2015 இல் வெளிவந்த ஆய்வு இது. ஒரு மெசேஜுக்கே இவ்வளவு.

நியூசிலாந்தில் மாவோரிப் பெண்களும் பசிபிக் தீவுப் பெண்களும் ஸ்மியருக்கு வருவது நெடுங்காலமாகக் குறைவாக இருந்தது. 2023 செப்டம்பரிலிருந்து அங்கே தானே மாதிரி எடுப்பதும் ஒரு தெரிவு. அந்தப் பெண்களுக்கு அது இலவசம், மாவோரி மக்களே நடத்தும் சுகாதார நிலையங்களிலும் எடுக்கலாம். அவுஸ்திரேலியா 2022 ஜூலையில் எல்லோருக்குமே அந்தத் தெரிவைக் கொடுத்தது. அங்கெல்லாம் பெண்களைத் திருத்தப் போகாமல் முறையைத் திருத்தினார்கள். இங்கேயும் அதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும். எங்கள் மொழியில், எங்களுக்கு நம்பிக்கையான ஒரு குரல், பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலு பக்க லெட்டர் அனுப்பிவிட்டு "வரவில்லை" என்று எழுதிக்கொள்வது போதாது.

கேள்வி: எங்கள் கோயிலில் போன வருடம் ஒரு பெரிய டொக்டரை அழைத்துப் புற்றுநோய் பற்றிப் பேசவைத்தோம். மண்டபம் நிறைந்த சனம். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, ஒருவரும் போய்ச் சோதனை செய்ததாகவும் தெரியவில்லை. இந்த முறை என்ன செய்யலாம்?

மண்டபம் வேண்டாம். மாமனார் மூன்றாவது வரிசையில் இருக்கும்போது மருமகள் ஸ்மியர் பற்றி எழும்பிக் கேட்பாளா?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போங்கள். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது அம்மாமார் கன்ரீன் மேசையைச் சுற்றி வடையும் தேத்தண்ணியுமாக இரண்டு மணித்தியாலம் காத்திருக்கிறார்கள். எல்லாரும் 30 க்கும் 50 க்கும் இடையில், ஸ்மியர் வயது. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மம்மாமாருக்கு மமோகிராம் வயது, தாத்தாமாருக்குக் குடல் கிட் வயது. ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் கதைக்கிற ஒரு நேர்ஸ், மேசையில் ஒரு ஸ்பெகுலம், ஒரு வெறும் குடல் கிட். ஐந்தாறு பெண்கள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். சிரிப்பார்கள், சிரித்த பிறகுதான் கேட்பார்கள்.

அதைவிட முக்கியம், அந்த அறையை விட்டுப் போவதற்கு முன் அப்பொயின்ட்மென்ட் புக் ஆக வேண்டும். பக்கத்துச் சேர்ஜரியோடு முன்பே பேசி, சனிக்கிழமையோ பின்னேரமோ பெண் நேர்ஸோடு கொஞ்ச இடங்களை ஒதுக்கச் சொல்லுங்கள். யார் யார் இன்னும் எடுக்கவில்லை என்பது சேர்ஜரிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியக்கூடாது. ஆகவே தமிழில் போன் எடுக்க ஒரு ஆளைச் சேர்ஜரியே வைக்கும்படி கேளுங்கள். சோதனை எடுத்த ஒரு அக்கா, "நான் போனனான், நோகேல்லை" என்று பக்கத்தில் இருப்பவவுக்குச் சொல்வதும் நல்ல பலன் தரும். அப்படி இரண்டு பேரைத் தேடி வையுங்கள்.

கேள்வி: கருப்பையை எடுத்தாகிவிட்டது. இன்னும் ஸ்மியர் லெட்டர் வருகிறது.

கருப்பைக் கழுத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் தேவையில்லை. ஊரில் செய்த ஒப்பரேஷன் என்றால் இங்குள்ள பதிவில் இருக்காது. டயக்னோசிஸ் கார்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கழுத்தை விட்டிருந்தால் சோதனை தொடர வேண்டும்.

கேள்வி: மமோகிராமுக்குப் போனேன். இரண்டு கிழமையில், "மேலதிக சோதனைக்கு வாருங்கள்" என்று லெட்டர். அடுத்த புதன்கிழமை. அவருக்கும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. போகாமல் விட்டால் என்ன என்று யோசிக்கிறேன். (ஹவுன்ஸ்லோ)

அக்கா, மமோகிராமுக்குப் போகும் 100 பெண்களில் ஏறத்தாழ 4 பேருக்கு இந்த லெட்டர் வரும். அந்த 4 பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்ற மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். நீங்கள் அந்த ஒருவர் என்றாலும், பெரும்பாலும் கையில் தட்டுப்படாத அளவில் பிடித்திருப்பார்கள். அந்த அளவில் பிடித்ததற்குச் சிகிச்சை பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும்.

அன்றைக்கு இன்னொரு மமோகிராம், பிறகு ஸ்கான், தேவைப்பட்டால் மரக்கப் பண்ணி ஊசியால் சின்னத் துண்டு எடுப்பார்கள். பல மணித்தியாலம் ஆகலாம், வேலைக்கு லீவு போடுங்கள். இரண்டாகப் பிரிந்த உடுப்புப் போடுங்கள், மேல் சட்டையை மட்டும் கழற்றினால் போதும். அன்றைக்கு பௌடர், டியோடரன்ட் வேண்டாம்.

வீட்டில் சொல்ல மனமில்லை என்றால் சொல்லத் தேவையில்லை, ஆனால் தனியே போகாதீர்கள். ஒரு சிநேகிதியைக் கூப்பிடுங்கள். அதுவும் இல்லை என்றால் லெட்டரில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். மார்பக நோயாளருக்கென்றே ஒரு நேர்ஸ் இருப்பா. தமிழ் இன்டர்பிரிட்டர் வேண்டும் என்றும் அவவிடமே சொல்லலாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்தப் புதன் கடந்திருந்தால், அதே இலக்கத்துக்கு இன்றைக்கே அழைத்து வேறு நாள் கேளுங்கள், தருவார்கள்.